பிளான் போடுவதற்கு முன்னால் மனைக்குப் போய் உட்காருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் ‘வீடு’ பக்கத்தில், புதிதாக வீடு கட்டுபவர்களுக்கான கட்டுரையைப் படித்தேன். உபயோகமான கட்டுரைதான். சிமெண்ட் மூட்டையில் தேதி பார்ப்பது, கம்பி வாங்கும்போது எதைக் கவனிப்பது, மேஸ்திரியிடம் எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது என்று எல்லாம் இருந்தது. ஆனால் தொடக்கமே பிளானில் இருந்துதான். மனையைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி, பத்திரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று. பத்திரம் சரியாக இருந்தால் மனை நம்முடையது என்று தெரியும், அவ்வளவுதான். அதற்குள் தண்ணீர் எங்கே நிற்கும், மதியம் மூன்று மணிக்கு வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், நாலடிக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீடு கட்டியவள் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பிளான் போட்டவர் மனைக்கு ஒரு தடவைகூட வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை. அளவைச் சொன்னோம், எத்தனை அறை வேண்டும் என்று சொன்னோம், பத்து நாளில் அழகான பிளான் வந்தது. அந்தத் தாளில் எங்கள் மனை ஒரு வெள்ளைச் செவ்வகம், அதில் மேடு இல்லை, பள்ளம் இல்லை, மரம் இல்லை, பக்கத்து வீடு இல்லை. நிஜத்தில் பின்பக்க இடது மூலை மற்ற இடத்தைவிட ஏறக்குறைய இரண்டடி தாழ்வாக இருந்திருக்கிறது, மனையை விற்றவர் அதை மண் கொட்டி நிரப்பிச் சமப்படுத்தி வைத்திருந்தார். நாங்கள் பார்த்தபோது சிவப்பு மண் விரித்த, பார்க்கவே சந்தோஷமான சமதளம்.

மூன்றாவது வருடம் பின்பக்க அறையில், ஜன்னலின் கீழ் மூலையில் இருந்து ஒரு விரிசல். முதலில் பூச்சு வெடித்திருக்கிறது என்று நினைத்தோம். பிறகு அது செங்கல் சந்துகளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி இறங்க ஆரம்பித்தது. என் கணவர் விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பார், அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டி நாலு விரல் போயிருக்கும், இன்னொரு கோடு போடுவார். அந்தச் சுவரில் இப்போது ஏழு தேதிகள் இருக்கின்றன. கடைசியில் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து சுவரை ஒட்டித் தோண்டிப் பார்த்தோம். ஒரு அடி சிவப்பு மண். அதற்குக் கீழே உடைந்த செங்கல், பாட்டில் துண்டு, மக்காத பிளாஸ்டிக் பை. அதற்கும் கீழே கறுப்பாக, ஈரமாக, வாடை அடிக்கிற சேறு. வீட்டின் முக்கால் பங்கு பழைய கெட்டித் தரையில் நிற்கிறது, ஒரு மூலை மட்டும் கொட்டிய மண்ணில் நிற்கிறது. வீடு முழுக்க ஒரே சீராகக் கொஞ்சம் இறங்கினால் பெரும்பாலும் சேதம் குறைவு, ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் சுவர் கிழிகிறது என்று அவர் சொன்னார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே ஒரு ஆள் நின்று பார்த்திருந்தால் மண்ணின் நிறம் மாறுவது தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. பொக்லைன் காலையில் வந்தது, மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டது.

இதில் எங்களுக்கு ஒரு ஆறுதல்கூட உண்டு, பெரிய பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. இத்தாலியில் இருக்கிற பைசா கோபுரத்தை 1173இல் கட்ட ஆரம்பித்தார்கள், மூன்றாவது மாடி ஏறுவதற்குள்ளேயே சாய ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கத்து அடிமண் இன்னொரு பக்கத்தைவிட மென்மை, காரணம் அவ்வளவுதான். எண்ணூறு வருடம் கழித்து, 1990இல் கோபுரத்தை மூடி வேலை பார்த்து, 2001இல் மறுபடி திறந்தார்கள். அதில் சாய்வைக் குறைத்துக் கொடுத்த முக்கியமான வேலை எது என்றால், உயர்ந்து நின்ற வடக்குப் பக்கத்தின் அடியில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்ததுதான். கல்லில் தப்பில்லை, கட்டியவர்களின் கைவேலையிலும் தப்பில்லை.

இப்போது என் தங்கை ஒரு மனை வாங்கியிருக்கிறாள். பத்திரம் முடிந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன், ஒரு மழைக்காலம் பார்க்காமல் பிளான் போடக் கூடாது என்று. கடந்த ஐந்து மாதமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு போய் அங்கே உட்கார்ந்துவிட்டு வருகிறோம். இதில் நாங்கள் கற்றுக்கொண்டதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் தண்ணீர். மழை விட்ட பிறகு போவதைவிடப் பெய்துகொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து நம் மனைக்குள் நுழைகிறது, எந்த வழியாக வெளியே போகிறது, எங்கே போக வழியில்லாமல் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நம் மனையில் விழுகிற மழை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மேட்டில் இருக்கிற மூன்று மனையின் தண்ணீரும் நம் வழியாகத்தான் போகிறது என்றால், அதை மறித்து நாம் சுவர் எழுப்பிய நாளில் இருந்து அது வேறு வழி தேடும், ஒன்று நம் அஸ்திவாரத்தை அரிக்கும் அல்லது பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்குள் போகும். வெயில் காலத்தில் மனை பார்க்கப் போகிறவர்களுக்கும் அடையாளங்கள் இருக்கின்றன. வேலிக்கம்பியில் ஒரு உயரத்தில் சருகும் நூலும் மாட்டிக்கொண்டு காய்ந்திருக்கிறதா, பக்கத்துக் காம்பவுண்டு சுவரில் அடியில் சேற்றுக்கறை ஒரே மட்டமாக ஓடுகிறதா, காய்ந்த நத்தை ஓடுகள் ஒரு மூலையில் மட்டும் குவிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். கோரைப்புல் திட்டாக வளர்ந்திருக்கும் இடம் வருடத்தில் பல நாள் ஈரமாக இருக்கும் இடம். மற்ற செடி காய்ந்து கிடக்கும்போது ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள்.

ரோட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போகும் ரோடு ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயரும், இன்று ரோட்டைவிட ஒரு அடி மேலே இருக்கிற வாசல் பதினைந்து வருடத்தில் ரோட்டுக்குச் சமமாகிவிடலாம். அதே தெருவில் பழைய வீடு ஏதாவது இருந்தால் அதன் வாசல்படியில் எத்தனை படி இப்போது மண்ணுக்குள் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பேஸ்மட்டம் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பார்க்கலாம், கோடையில் தண்ணீர் எத்தனை அடியில், மழைக்காலத்தில் எத்தனை அடியில் என்று அந்த வீட்டுக்காரருக்கு வாய்ப்பாடு மாதிரி தெரியும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நாலைந்து அடிக்கு ஏறி வருகிற இடம் என்றால் தரைக்கு அடியில் அறை கட்டும் ஆசையை அப்போதே விட்டுவிடலாம், செப்டிக் டேங்க் எங்கே வைப்பது என்பதையும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

அப்புறம் மண். இதற்கு ஆரம்பத்தில் ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டடி ஆழத்தில் இருந்து எடுத்த மண்ணைக் கல் பொறுக்கி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோப்புத்தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடும், வண்டல் படிய ஓரிரண்டு மணி நேரம் ஆகும், களிமண் மட்டும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்துக்கொண்டு ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். தங்கை சமையலறை ஜன்னலில் மூன்று பாட்டில் வைத்திருந்தாள், மனையின் மூன்று இடத்து மண். இரண்டில் அடுக்குகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவது பாட்டில் மறுநாள் சாயங்காலம்கூடக் கலங்கித்தான் இருந்தது. மூன்றாவது மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டினால் பென்சிலைவிட ஒல்லியான திரியாக உடையாமல் வந்தது, மற்ற இரண்டும் விரல் தடிமனிலேயே உதிர்ந்துவிட்டன.

அந்த மூன்றாவது மண்ணில் களி அதிகம். அதனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சில வகைக் களிமண், கரிசல் அதில் ஒன்று, தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழையில் மூடிக்கொள்ளும். அதன் மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் வருடா வருடம் தரை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும், சுவர் எத்தனை வருடம் தாங்கும்? பெரிய மரம் இருக்கிற களிமண் மனையில் இன்னொரு விஷயமும் உண்டு, எனக்கு இது புதிதாக இருந்தது. மரம் வேரால் சுற்றிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைத்திருக்கும். மரத்தை வெட்டிவிட்டு உடனே வீடு கட்டினால், உறிஞ்ச ஆளில்லாத மண் மெதுவாக ஈரத்தைத் திரும்பப் பிடித்து உப்ப ஆரம்பிக்கும், அது பல வருடம் நடக்கும், தரை மேலே தூக்கிக்கொண்டு வரும். மரத்தை வெட்டினால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு வெட்டட்டும்.

பாட்டிலைப் பார்த்து அஸ்திவாரத்தை முடிவு செய்ய முடியாது, அதற்கு முறையான மண் பரிசோதனை வேண்டும். துளை போட்டு, அதன் அடியில் ஒரு குழாயை வைத்து, 63.5 கிலோ எடையை ஏறக்குறைய 75 செ.மீ. உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப விழ வைத்து, குழாய் மண்ணுக்குள் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ.க்கு விழுந்த அடிகள்தான் கணக்கு. தங்கை மனையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். முன்பக்கத் துளையில் எடை தொம் தொம் என்று விழுந்துகொண்டே இருந்தது, குழாய் இறங்க மறுத்தது. பின்மூலையில் எடை ஏழெட்டு தடவை விழுந்ததுமே சரசரவென்று போய்விட்டது. அறிக்கையில் வெறும் எண்ணாக வந்திருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது, காதால் கேட்டது மறக்கவில்லை. ஒரு துளை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் முன்பக்கம் ஒரே ஒரு துளை போட்டிருந்தால் மண் பிரமாதம் என்றுதான் அறிக்கை வந்திருக்கும்.

மனைக்கு ஒரு பழைய கதை இருக்கும், அதை விசாரிக்க வேண்டும். விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. அந்தப் பக்கத்தில் ரொம்ப வருடமாக இருக்கிற பெரியவர்களிடம், "இங்கே முன்னாடி என்ன இருந்தது?" என்று சும்மா கேட்டால் போதும், மூடிய கிணறு, தூர்த்த குட்டை, செங்கல்லுக்கு மண் எடுத்த குழி எல்லாம் வரிசையாக வரும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னால் நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது, எல்லா இடத்துக்கும் எல்லா வருடமும் தெளிவாகக் கிடைக்காது, ஆனாலும் பாருங்கள். எங்கள் மனையை இப்போது அதில் பார்த்தால், நாங்கள் வாங்குவதற்குச் சில வருடம் முன்பு எடுத்த படத்தில் அந்த இடது மூலை ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. அதைப் பார்த்த அன்று இராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அளவு விஷயம் ஒன்று, சின்னதுதான் ஆனால் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நாலு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், குறுக்காகவும் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 30க்கு 40 அடி மனை நேர்செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 50 அடி வரும். நாலு பக்கமும் சரியாக இருந்து ஒரு மூலைவிட்டம் 52, இன்னொன்று 48க்குக் கொஞ்சம் குறைவு என்று வந்தால், அந்த 30 அடிப் பக்கம் ஏறக்குறைய இரண்டரை அடி சாய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். நேரான வீட்டை அதற்குள் வைக்கும்போது இரண்டு ஓரத்திலும் முக்கோணமாக இடம் வீணாகும், இல்லையென்றால் வீட்டு மூலை எல்லையைத் தாண்டி நிற்கும்.

வெயிலைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் விரிசலுக்கு அடுத்தபடியாக எங்களைத் தினமும் வருத்துவது அதுதான். எங்கள் படுக்கையறையின் நீளமான சுவர் மேற்கே இருக்கிறது, நடுவில் நிழலுக்கு ஒன்றும் இல்லை, சாயங்காலம் முழுக்கக் காய்ந்து ராத்திரி பத்து மணிக்கும் கை வைத்தால் சுடும். மனையில் ஒரு நேரான கம்பை நட்டு நிழலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும்தான், ஜூன் 21 வாக்கில் வடக்கே ஒதுங்கும், டிசம்பர் 21 வாக்கில் தெற்கே ஒதுங்கும், அதனால் ஒரு நாள் பார்த்துவிட்டு இந்த ஜன்னலில் வெயில் வராது என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாளில் கம்பின் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தில் அது விழும் கோடுதான் உண்மையான வடக்கு தெற்கு, போனில் காட்டும் திசை இரும்புக் கேட் பக்கத்தில் நின்றால்கூட மாறும். காற்றுக்கு நாங்கள் செய்தது ரொம்ப எளிது, நாலு கம்பில் துணி நாடாவைக் கட்டிவிட்டு, போகும்போதெல்லாம் எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நாளைக்கு ஒரு மாடி வீடு வரும் என்று வைத்துக்கொண்டு ஜன்னலை யோசியுங்கள். ராத்திரியிலும் ஒரு முறை போங்கள், சத்தமும் வாடையும் அப்போதுதான் தெரியும். மேலே போகும் மின்கம்பி, லாரி திரும்ப இடம், இதெல்லாம் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவுக்கும் நேரம் ஏது, வட்டி ஓடுகிறது, வாடகை ஓடுகிறது என்று சொல்வார்கள். எனக்கும் தெரியும், நாங்களும் அப்படித்தான் அவசரப்பட்டோம். ஆனால் அனுமதிக்கும் கடனுக்கும் தாள்கள் நகர்கிற மாதங்கள் எப்படியும் போகத்தான் போகின்றன, அந்த மாதங்களில் மனைக்குப் போய் உட்காருவதற்குத் தனியாக ஒன்றும் செலவில்லை. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டி முட்டுக்கொடுக்க ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது, நான் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பிளான் போடுபவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூப்பிடாவிட்டாலும் மனைக்கு வாருங்கள் ஐயா, எங்களுக்குக் கூப்பிடத் தெரியாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் ‘வீடு’ பக்கத்தில் வாரம் ஒரு முகப்புப் படம் போடுகிறீர்கள், டைல்ஸ் பற்றி எழுதுகிறீர்கள். மாதம் ஒரு முறையாவது மண்ணைப் பற்றியும் மழைத் தண்ணீரைப் பற்றியும் ஒரு மண் பொறியாளரை, ஒரு சர்வேயரை, வானம் தோண்டியே வயதான ஒரு மேஸ்திரியை எழுத வையுங்கள். எழுத வராது என்றால் பேட்டி எடுத்துப் போடுங்கள்.

தங்கை மனையில் இன்னும் ஒரு கல் இறங்கவில்லை. ஒரு நோட்டுத் தாளில் அவள் தோராயமாகக் கட்டம் போட்டு வைத்திருந்தாள், அதைப் பார்த்து மனையில் ஒவ்வொரு அறையின் மூலையிலும் குச்சி நட்டு வைத்தோம். போன வாரம் பெய்த மழையில் போய்ப் பார்த்தபோது மூன்று குச்சிகள் தண்ணீருக்குள் நின்றன, மூன்றாவது பாட்டில் மண் எடுத்த அதே மூலை, தாளில் அங்கே சமையலறை இருந்தது. அங்கேயே குடைக்குள் நின்றுகொண்டு அவள் ரப்பரை எடுத்துச் சமையலறையை அழித்து முன்பக்கம் கொண்டுவந்துவிட்டாள். அந்த மூலையில் இப்போதைக்கு வாழை என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி